ஒன்பதாவது விளக்கு

சாவியைப் பாதி திருப்பி நிறுத்தினேன்.
இன்ஜினை எழுப்பவில்லை, விளக்குகளை மட்டும்.
புரெவ்ஜாவ் கையுறையைத் தட்டிக்கொண்டே சொன்னான்:
"கிளப்பிப் பாருங்கள் அக்கா, ஒன்றுகூட எரியாது.
பச்சைக் குழந்தை மாதிரி வண்டி."
உலான்பாத்தர் கார்ச் சந்தை. காலை பத்து மணி.
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தொன்பது.
அவன் மூச்சு அவன் மீசையிலேயே உறைந்துகொண்டிருந்தது.

நான் எண்ணினேன்.
பேட்டரி, சிவப்பு. பிரேக், சிவப்பு.
கதவு (திறந்துதான் வைத்திருந்தேன்). சீட் பெல்ட்.
சுருள்கம்பி, மஞ்சள்:
டீசல் வண்டிக்காரியின் பொறுமையை அளக்கிற விளக்கு அது.
அணையும் முன்னே சாவியை முறுக்குகிறவர்கள்
கோபிப் பாலையில் வண்டி தள்ளுவார்கள்.
இன்ஜின். ஏபிஎஸ். காற்றுப்பை.
எட்டு.

இந்த டெலிகாவுக்கு ஒன்பது.
பத்து வருடமாக மந்தல்கோவிக்கு ஆள் ஏற்றுகிறவளுக்குத்
தன் வீட்டில் எத்தனை ஜன்னல் என்பது மறந்துபோகலாம்,
இது மறக்காது.
தேநீர்க் கெண்டியின் மூக்கிலிருந்து
ஒரு சொட்டு விழுவது போல ஒரு படம்.
அது இருக்க வேண்டிய இடத்தில்
நல்ல கறுப்பு.

எரிகிற விளக்குக்குப் பயப்படச் சொல்லிக்கொடுத்தார்கள்.
எரிய வேண்டிய நேரத்தில் எரியாததற்குப் பயப்பட
நானேதான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.
(என் முதல் கணவனிடமும் எதுவுமே எரிந்ததில்லை.)

"பல்பு போயிருக்கும்" என்றான்.
"போயிருக்கலாம். யாராவது அனுப்பிவைத்திருக்கலாம்."
சிரித்தான்.
சிரித்து முடிப்பதற்குள்
விலையில் பதினைந்து லட்சம் துக்ரிக் இறங்கியிருந்தது.

பட்டறையில் தெம்பெரெல் பலகையைக் கழற்றினான்.
பல்பு போகவில்லை. குழியே காலி.
இரண்டு பூஸ் கொழுக்கட்டை விலைக்குப் புது பல்பு.
பொருத்தினோம். சாவி. ஒன்பது.
கதவைச் சாத்தி, பெல்ட்டை மாட்டி, கைப்பிரேக்கை இறக்கி
இன்ஜினை எழுப்பினேன்.
எட்டும் அடங்கின.
ஒன்பதாவது
எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அணை!"
மஞ்சள் என்றால் பேசிக்கொண்டே பட்டறை வரை வரலாம்,
சிவப்பு என்றால் பேச்சைப் பாதியில் விடு, என்பான் தெம்பெரெல்.
"சென்சார் பொய் சொல்கிறதோ என்னவோ."
"சொல்லட்டும். பொய் என்று தெரிகிறவரை
அது சொல்வதுதான் சத்தியம்."
குச்சியை உருவிப் பார்த்தான், ஆயில் அளவு சரி.
அழுத்தமானியை மாட்டிப் பத்து விநாடி ஓடவிட்டான்.
முள் படுத்த படுக்கையாய்க் கிடந்தது.
பம்ப்.
பேரம் பேசி மிச்சம் பிடித்ததெல்லாம் போய்
மேலே நான்கு லட்சம்.

இப்போது இரவு. மந்தல்கோவிச் சாலை.
பின்னால் ஏழு பேர் தூங்குகிறார்கள்,
ஒரு பை உலர்ந்த ஆருலின் புளிப்பு வாசம்.
பலகை இருட்டாக இருக்கிறது.
எண்ணி வைத்த இருட்டு, அதனால் குறையில்லை.

நூற்றுப்பத்தாவது கிலோமீட்டரில் கதவு விளக்கு.
ஓரம்கட்டினேன்.
பக்கக் கதவில் யாரோ ஒரு சிறுமியின் கழுத்துத்துணி
நுனி சிக்கி, வழி நெடுகக் காற்றில் அடித்துக்கொண்டு வந்திருக்கிறது.
கதவைத் திறந்ததும் குளிர் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே ஏறியது.
ஏழு பேரும் என்னைத் திட்டினார்கள்.
"விளக்குதானே, அப்படியே ஓட்டு" என்றான்
மல்யுத்தக்காரன் போலிருந்த ஒருவன்,
போர்வைக்குள்ளிருந்து.

துணியை உள்ளே இழுத்துவிட்டுச் சாத்தினேன்.
வந்து உட்கார்ந்து, என் பக்கக் கதவை மட்டும் சாத்தாமல்,
இன்ஜினை நிறுத்திச் சாவியைப் பாதி திருப்பி
விரலால் தொட்டுத் தொட்டு...
"என்ன எண்ணுகிறீர்கள்?"
சிறுமி விழித்திருந்தாள்.
"ஆடுகளை."
"எல்லாம் வந்துவிட்டதா?"
"ஒன்பதும்."